பிசினின் பதமும் தொழிலாளியின் மொழியும்

கடையில் இரண்டு குழாய்களாக விற்கும் அரால்டைட்டும், ஒழுகும் தண்ணீர்த் தொட்டியை அடைக்கப் பிசைந்து ஒட்டும் எம்-சீலும், பெங்களூரு வானில் பறக்கும் தேஜஸ் போர் விமானத்தின் இறக்கைத் தோலும் ஒரே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எபாக்சி என்பது அக்குடும்பத்தின் பெயர். சுவிட்சர்லாந்தில் பியேர் காஸ்டானும் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீயும் 1930-களின் இறுதியிலும் 1940-களிலும் தனித்தனியே உருவாக்கிய இப்பிசின், இன்று ஒட்டவும் பூசவும் வார்க்கவும் இழைகளைப் பிணைக்கவும் பயன்படுகிறது. இதைக் குறித்துத் தமிழில் எழுதப்படுவது மிகக் குறைவு. இதைக் கையால் கலந்து, வெப்பமூட்டி, இறுகச் செய்யும் தொழிலாளரிலோ தமிழர் பலர். இந்த இடைவெளியை மொழிப்பற்று சார்ந்த குறையாக மட்டும் காண்போர் உண்டு. அது செய்யப்படும் பொருளின் தரத்தையே தொடுகிறது என்பதே இப்பதிவின் வாதம்.

இந்தியாவில் எபாக்சியின் கதையைச் சொல்லப் பெங்களூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1959-இல் டெல்லியில் தொடங்கப்பெற்று, மறு ஆண்டே பெங்களூருக்கு இடம்பெயர்ந்த தேசிய வான்வெளி ஆய்வகம், கண்ணாடியிழையையும் பிசினையும் கொண்டு ஹன்சா என்னும் இருவர் அமரும் பயிற்சி விமானத்தை உருவாக்கியது. அது 1993-இல் முதன்முதலாகப் பறந்தது. 2001 ஜனவரி 4 அன்று இதே நகரிலிருந்து எழுந்த தேஜஸ் விமானத்தில், உடற்கட்டின் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கூட்டுப்பொருள். அதில் பெரும்பகுதி கார்பன் இழையும் எபாக்சியும். துருவ் ஹெலிகாப்டரின் சுழலித் தகடுகளும் இழைக் கூட்டுப்பொருளால் ஆனவை. தேஜஸின் புதிய வகைக்குரிய இறக்கைத் தொகுதிகளைக் கோயம்புத்தூரில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் பொருத்தி அனுப்புகிறது. இவற்றுக்கு அப்பால் பீன்யா, பொம்மசந்திரா, ஓசூர், அம்பத்தூர் ஆகிய தொழிற்பேட்டைகளின் சிறு பட்டறைகளில் எபாக்சியால் ஒட்டப்படுவனவும் வார்க்கப்படுவனவும் எண்ணிலடங்கா.

இத்தனை புகழுக்குரிய பிசினுக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது எளிதில் முறியும். பிசினும் ஹார்டனரும் வினைபுரியும்போது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து நெருங்கிய வலையாகின்றன. அந்த வலையின் நெருக்கமே எபாக்சிக்கு விறைப்பையும் வெப்பம் தாங்கும் ஆற்றலையும் தருகிறது. அதே நெருக்கமே சங்கிலிகள் நகர்ந்து கொடுக்க இடமில்லாமலும் செய்கிறது. ஒரு சிறு விரிசல் தோன்றிவிட்டால் அதன் முனையில் குவியும் விசையைக் கலைத்துவிட வழியில்லை. விரிசல் தடையின்றி ஓடும்.

இங்கே சொற்களில் சற்றுக் கவனம் வேண்டும். அன்றாடப் பேச்சில் ‘கெட்டி’, ‘உறுதி’, ‘ஸ்ட்ராங்’ ஆகிய மூன்றும் ஒன்றுக்கு மற்றொன்றாக வழங்குகின்றன. பொருளறிவியலோ இவற்றுள் நான்கு வெவ்வேறு பண்புகளைக் காண்கிறது. வளைக்க முயன்றால் எவ்வளவு வளைய மறுக்கிறது என்பது விறைப்பு. கீறலையும் அழுத்தத்தையும் மேற்பரப்பு எவ்வளவு எதிர்க்கிறது என்பது கடினம். உடையுமுன் எவ்வளவு விசையைத் தாங்குகிறது என்பது வலிமை. ஏற்கெனவே ஒரு விரிசல் இருக்கும்போது அது வளராமல் தடுக்க எவ்வளவு ஆற்றலை உட்கொள்கிறது என்பது நான்காவது பண்பு. அதனை முறிவுத்தடை எனலாம். கண்ணாடி வெட்டுபவர் வைர முனையால் ஒரு கோடு கீறி மெல்லத் தட்டினால் கண்ணாடி அக்கோட்டிலேயே பிளக்கிறது. கண்ணாடி கடினமானது, விறைப்பானது; முறிவுத்தடை மட்டும் அதற்கு மிகக் குறைவு. விரிசலை மையமாக வைத்து உடைவைக் கணக்கிடும் முறையை ஏ. ஏ. கிரிஃபித் 1921-இல் வெளியான தம் ஆய்வில் கண்ணாடியைக் கொண்டே நிறுவினார். எபாக்சி அக்கண்ணாடியைவிட மேலானது. ஆயினும் விமானத்துக்கு வேண்டிய அளவு மேலானதன்று.

குறையைத் தீர்க்கும் வழி, கேட்பதற்கு முரணாகத் தோன்றும்: விறைப்பான பிசினுக்குள் மென்மையான ரப்பரைச் சேர்ப்பது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஃபிரெடெரிக் மெக்கேரியும் அவருடைய குழுவினரும் 1960-களிலும் 1970-களின் தொடக்கத்திலும் இவ்வழியை ஆராய்ந்தனர். அவர்கள் பயன்படுத்தியது தோட்டத்தில் பால் வடித்து எடுக்கும் ரப்பர் அன்று. பியூட்டாடையீனும் அக்ரைலோநைட்ரைலும் சேர்ந்த, தேன்போல் ஊற்றக்கூடிய திரவ ரப்பர். அதன் சங்கிலியின் இரு முனைகளிலும் எபாக்சியோடு வினைபுரியும் அமிலத் தொகுதிகள் இருந்தன. தூய எபாக்சியில் ஒரு சதுர மீட்டர் விரிசல் பரப்பை உண்டாக்கப் பெரும்பாலும் சில நூறு ஜூல் ஆற்றலே போதும். ரப்பர் நன்கு அமைந்த எபாக்சியில் அத்தேவை ஆயிரங்களுக்கு உயரக்கூடும்.

இவ்விடத்தில்தான் ‘அமைந்த’ என்னும் சொல் முதன்மை பெறுகிறது. ரப்பரைச் சேர்த்ததனால் மட்டும் இப்பயன் கிட்டுவதில்லை. மைசூர்பாகு செய்வோர் இதை எளிதில் உணர்வர். கடலைமாவு, நெய், சர்க்கரை ஆகிய மூன்றும் அதே அளவுதான். பாகின் பதம் தவறினால் ஒன்று கல்லாகிறது, மற்றொன்று களியாகிறது. பதம் வாய்த்தால் மட்டுமே துளைகள் நிறைந்து, எடுத்தால் நின்று, வாயிலிட்டால் உதிர்கிறது. சமையற்குறிப்பில் எழுதியிருப்பது பொருள்களின் அளவு. தட்டில் வந்து விழுவது அமைப்பு.

ரப்பர் கலந்த எபாக்சியிலும் நிகழ்வது இதுவே. தொடக்கத்தில் திரவ ரப்பர் பிசினில் முழுதும் கரைந்திருக்கிறது. வினை முன்னேறிப் பிசினின் மூலக்கூறுகள் பெரிதாகப் பெரிதாக, இரண்டுக்குமான ஒத்துழைப்பு குறைகிறது. ஒரு கட்டத்தில் ரப்பர் கரைசலிலிருந்து பிரிந்து நுண்துளிகளாகத் திரள்கிறது. அதே நேரத்தில் பிசின் கெட்டியாகிக்கொண்டே வருகிறது. அது ஓடாத நிலையை, அதாவது ஜெல் நிலையை, அடைந்ததும் துளிகளின் வளர்ச்சி பெரிதும் நின்றுவிடுகிறது. அப்போது எவ்வளவு பிரிந்து, எவ்வளவு பெரிதாக, எங்கெங்கே பரவியிருக்கிறதோ அதுவே நிலைத்துவிடுகிறது. பிரிதலும் இறுகுதலும் நடத்தும் ஓட்டப்பந்தயத்தில் பிறப்பதே பொருளின் அமைப்பு. அந்தப் பந்தயத்தின் வேகத்தை ஆள்வது வெப்பநிலை, நேரம், ஹார்டனரின் தன்மை, ரப்பரில் உள்ள அக்ரைலோநைட்ரைலின் அளவு ஆகியவை. அக்ரைலோநைட்ரைல் மிகுந்தால் ரப்பர் பிசினோடு கூடுதலாக இணங்கும், தாமதமாகப் பிரியும், துகள்கள் சிறியனவாக அமையும். மிகவும் இணங்கிவிட்டால் பிரியாமலேயே தங்கிவிடும். அப்படிக் கரைந்தே தங்கும் ரப்பர் பிசினை மென்மையாக்கி அதன் வெப்பத் தாங்குதிறனைக் குறைக்கும். துகளாக நின்று செய்யவேண்டிய வேலையைச் செய்யாது.

துகள்களின் வேலைதான் என்ன? ரப்பர் பந்துபோல் அதிர்வை உறிஞ்சிக்கொள்கிறது என்னும் விளக்கம் பரவலாக உள்ளது. அது பாதி உண்மைகூட இல்லை. விரிசலை ரப்பர் இழுத்துப் பிடித்துக்கொள்வதும் சிறிதளவு உண்டு எனினும், பெரும்பணி வேறு. விரிசலின் முனையில் பொருள் மூன்று திசைகளிலும் ஒருசேர இழுபடுகிறது. அந்நிலையில் சுற்றியுள்ள பிசின் நெகிழ முடிவதில்லை. ஒரு மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும் ரப்பர் துகள்கள் அந்த இழுப்பில் உள்ளுக்குள் கிழிந்து குழிவாகின்றன. குழிவு ஏற்பட்டதும் மூன்று திசை இழுப்பு தளர்கிறது. சுற்றியுள்ள பிசின் சறுக்கி நெகிழத் தொடங்குகிறது. அந்த நெகிழ்வே ஆற்றலை விழுங்குகிறது. ரப்பர் துகள் தான் கிழிந்து, பிசினை நெகிழ விடுகிறது. இங்கிலாந்தில் ஏ. ஜே. கின்லோக்கும் உடனாய்வாளரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வுகள் இவ்விளக்கத்துக்கு வலுவான அடித்தளமிட்டன. முறிந்த பரப்பு வெளுத்துத் தோன்றுவது இக்குழிவுகளால்தான்.

இதிலிருந்து ஒரு முடிவு தானே பிறக்கிறது. ஆற்றலை விழுங்குவது பிசினின் நெகிழ்வே எனில், நெகிழவே இயலாத பிசினில் எவ்வளவு ரப்பரைச் சேர்த்தாலும் பயன் சிறிதாகவே இருக்கவேண்டும். அவ்வாறே இருக்கிறது. ஆர். ஏ. பியர்சனும் ஏ. எஃப். யீயும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், குறுக்கிணைப்பின் நெருக்கம் வேறுபட்ட எபாக்சிகளில் ரப்பரைச் சேர்த்துப் பார்த்தனர். ரப்பர் இல்லாதபோது அவற்றின் முறிவுத்தடையில் பெரிய வேறுபாடில்லை. ரப்பர் சேர்ந்ததும் வலை தளர்ந்த பிசின்களில் முறிவுத்தடை பன்மடங்கு உயர்ந்தது. வலை நெருங்கியவற்றில் உயர்வு சிறிதே. ஆக, அமைப்பு என்பது இரண்டு அடுக்குகளில் நிற்கிறது: மூலக்கூறு வலையின் நெருக்கம் ஒன்று, ரப்பர் துகள்களின் அளவும் பரவலும் மற்றொன்று. இரண்டும் ஒத்துவந்தால்தான் பயன்.

பயனுக்கு விலையும் உண்டு. ரப்பர் மிகுந்தால் விறைப்பும் வலிமையும் சற்றே தாழும். கரைந்து தங்கிய ரப்பர் வெப்பத் தாங்குதிறனைக் குறைக்கும். கார்பன் இழைகளுக்கு இடையே பிசின் மெல்லிய படலமாக இருப்பதால், நெகிழும் பகுதி விரிவதற்கு அங்கே இடமும் குறைவு. ஆகவே தனிப் பிசினில் கிட்டும் பத்து மடங்கு உயர்வு கூட்டுப்பொருளில் அப்படியே கிட்டுவதில்லை. மாறாக, மீண்டும் மீண்டும் ஏறி இறங்கும் சுமைகளில் அதன் பயன் தெளிவாகத் தெரிகிறது. பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகத்தின் சி. எம். மஞ்சுநாதா, இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஏ. சி. டெய்லர், கின்லோக் ஆகியோரோடு இணைந்து 2009-ஐ ஒட்டி வெளியிட்ட ஆய்வுகள் இதற்குச் சான்று. எடையில் 9 விழுக்காடு ரப்பர் துகள்களைச் சேர்த்தபோது தனி எபாக்சியின் களைப்பு ஆயுள் மூன்று முதல் நான்கு மடங்கும், கண்ணாடியிழைக் கூட்டுப்பொருளின் களைப்பு ஆயுள் ஏறத்தாழ மூன்று மடங்கும் உயர்ந்தன. பிசினில் விரிசல்கள் தோன்றுவது மட்டுப்பட்டதும், தோன்றியவை மெதுவாக வளர்ந்ததுமே காரணங்கள். ஒவ்வொரு சுற்றிலும் சுமையேறும் ஹெலிகாப்டர் தகட்டுக்கும், முப்பந்தல் கணவாயில் இரவும் பகலும் சுழலும் காற்றாலை இறகுக்கும் வேண்டியது இத்தகைய நீடிப்பே.

இனி முதன்மையான வினாவுக்கு வரலாம். அமைப்பு எங்கே உருவாகிறது? ஆய்வுக் கட்டுரையில் அன்று, அடுப்பின் முன்னே. வாளியில் பிசினையும் ஹார்டனரையும் எடைபோடுபவர், வெற்றிடப் பையை ஒட்டுபவர், வெப்பநிலையை ஏற்றி இறக்குபவர் ஆகியோரின் கையில்தான் அந்த ஓட்டப்பந்தயத்தின் வேகம் இருக்கிறது. அவர்களுக்குக் கொடுக்கப்படுவதோ பெரும்பாலும் ஓர் ஆங்கிலத் தாள்: இத்தனை டிகிரி, இத்தனை நிமிடம். ஏன் என்பது அதில் இல்லை. நேரத்தை மிச்சப்படுத்த வெப்பத்தைக் கூட்டினால் பிசின் விரைவில் இறுகிவிடுகிறது. தொட்டுப் பார்த்தால் கல்லாகத்தான் இருக்கிறது. கையால் வளைத்தால் வளையவில்லை. எல்லாம் நலம் என்றே தோன்றும். உள்ளே துகள்கள் உரிய அளவில் பிரிந்தனவா என்பதைக் கை அறியாது, கண் அறியாது. வலிமைச் சோதனைகூடச் சில வேளைகளில் அறியாது. ஏனெனில் வலிமையும் முறிவுத்தடையும் வெவ்வேறு பண்புகள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. எபாக்சியில் அப்பழமொழியை நம்பக்கூடாது. எபாக்சி இறுகும்போது தானே வெப்பத்தை வெளியிடுகிறது. மெல்லிய சோதனைத் துண்டில் அவ்வெப்பம் உடனே வெளியேறிவிடும். தடித்த பாகத்தின் நடுவில் தேங்கி, அடுப்பு காட்டும் அளவைவிட மிகுந்த சூட்டை உண்டாக்கும். துண்டின் அமைப்பு ஒன்று, பாகத்தின் நடுவில் உள்ள அமைப்பு வேறு. துண்டு தேர்ச்சி பெற்றதால் பாகமும் தேர்ச்சி பெற்றதாகக் கொள்வது, விளிம்பில் வெந்த இட்லியைத் தொட்டு நடுவும் வெந்தது என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இதற்கு ஒரு மறுப்பு எழும். விமானத் தொழிலில் ஒவ்வொரு படியும் எழுத்தில் விதிக்கப்பட்டுள்ளது, கருவிகள் வெப்பத்தையும் அழுத்தத்தையும் பதிவு செய்கின்றன, விதியைப் பின்பற்றினால் போதும், தொழிலாளிக்குக் காரணம் தெரியவேண்டியதில்லை என்பது அம்மறுப்பு. பெரிய நிறுவனங்களைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. ஆனால் விதி எழுதப்படாத தருணங்களும் வருகின்றன. நடுவில் மின்சாரம் நின்றுவிட்டால் என்ன செய்வது? மழைக்கால ஈரத்தில் திறந்தே கிடந்த ஹார்டனரைப் பயன்படுத்தலாமா? ஜெல் நிலைக்கு முன் வெப்பம் நின்றதற்கும் பின் நின்றதற்கும் பெருத்த வேறுபாடு உண்டு. முன்னது துகள்களின் அமைப்பையே மாற்றக்கூடும். பின்னது பெரும்பாலும் எஞ்சிய இறுகலை மட்டுமே பாதிக்கும். இதை அறிந்தவர் நிகழ்ந்ததை நேரத்தோடு குறித்து மேலே தெரிவிப்பார். அறியாதவருக்கு அது மறைத்துவிடத்தக்க சிறு தடங்கலாகவே தோன்றும். காரணம் தெரிவது நேர்மையை எளிதாக்குகிறது. சிறு பட்டறைகளிலோ கருவிப் பதிவும் இல்லை, மேற்பார்வையும் குறைவு. அங்கே தொழிலாளியின் அறிவே தரக்கட்டுப்பாடு.

மற்றொரு மறுப்பு மொழி பற்றியது. இவற்றை விளக்கத் தமிழில் சொற்கள் இல்லை, ஆங்கிலத்திலேயே கற்றுக்கொள்ளட்டும் என்பர். சொற்கள் உள்ளன, அவை சமையலறையிலும் கொல்லுப்பட்டறையிலும் உள்ளன. பதம் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். கம்பிப்பதம், தக்காளிப் பதம் என்று பாகின் நிலைகளை வகுத்து, ஒவ்வொன்றையும் விரலால் சோதிக்கக் கற்றுத்தந்த மொழி இது. ஒரு நொடி தவறினால் நிலை மாறிவிடும், மாறியபின் திரும்பாது என்னும் கருத்து அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கன்னடத்தில் அச்சொல் ‘ஹத’ என வழங்குகிறது. தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாவது பாலும் ஹாலும், பல்லும் ஹல்லும் காட்டும் பழைய மாற்றம். ஆக, பீன்யாவின் ஒரே மேசையில் நிற்கும் தமிழருக்கும் கன்னடியருக்கும் ஜெல் நிலையை விளக்க ஒரு பொதுச்சொல் ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. எபாக்சி, ஹார்டனர், ஜெல் முதலிய சொற்கள் அப்படியே இருக்கலாம். தூய்மைக்காக அவற்றை மாற்றவேண்டிய அவசரம் எதுவுமில்லை. மாற்றவேண்டியது பண்புகளைக் குறிக்கும் சொற்களின் குழப்பம். விறைப்பு, கடினம், வலிமை, முறிவுத்தடை ஆகிய நான்கையும் பிரித்துச் சொல்லப் பழகாத வரை, ‘ஸ்ட்ராங்கா இருக்கு’ என்னும் ஒற்றைத் தீர்ப்பே எல்லாவற்றுக்கும் போதும் என்றிருக்கும்.

செய்யவேண்டியவை பெரிய திட்டங்கள் அல்ல. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இலேயே கட்டுமானப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. அந்த அக்கறை பட்டதாரிகளோடு நின்றுவிடாமல் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் பட்டறைத் தாள்களுக்கும் இறங்கவேண்டும். பிசினோடு வரும் செய்முறைத் தாளில் தமிழிலும் கன்னடத்திலும் நான்கு வரிகள் போதும்: எப்போது ரப்பர் பிரிகிறது, எப்போது பிசின் ஓட்டத்தை இழக்கிறது, அதற்கு முன் எதைச் செய்யக்கூடாது, தவறினால் யாரிடம் சொல்லவேண்டும். பொருளை வாங்குவோர் ரப்பரின் விழுக்காட்டையும் இழுவலிமையையும் மட்டும் கேட்காமல், முறிவுத்தடையின் அளவையும், தடித்த பாகத்தின் நடுவிலிருந்து எடுத்த துண்டின் நுண்ணோக்கிப் படத்தையும் கேட்கவேண்டும். விலை சற்று ஏறும். முறிந்த தகட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறிது.

ஒரு பொருளின் உறுதி எங்கிருந்து வருகிறது என்பதை ஆய்வகம் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கண்டு சொல்லிவருகிறது. அதே அறிவு அடுப்பின் முன் நிற்பவரை அவருடைய சொற்களில் சென்றடையும்போதுதான் அது பொருளுக்குள்ளும் சென்று சேரும்.